இலுப்பைக்கடவைப் பலகையில் நான் எழுதிய நேரம்

போன மாதம் வலயக் கல்விக் கந்தோரிலிருந்து ஒரு தம்பி தொலைபேசி எடுத்தார். புதிதாகப் பரீட்சை மேற்பார்வையாளர்களாகப் போகிற ஆசிரியர்களுக்கு ஒரு சிறு கைந்நூல் போடுகிறார்களாம்.

"சேர், நீங்கள் எத்தினை வருஷம் மண்டபம் நடத்தினனீங்கள். நேரத்தைக் கடைப்பிடிக்கிறதைப் பற்றி ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோவன். உங்கட மண்டபத்தில ஒரு பிழையும் வந்ததில்லை எண்டு எல்லாரும் சொல்லுகினம்."

எழுதித் தருகிறேன் என்றேன். அவர் கேட்டது இரண்டு பக்கம். இது அதைவிட நீண்டுவிட்டது. கைந்நூலில் இதைப் போட மாட்டார்கள் என்றும் தெரியும். இருந்தாலும் நேரத்தைப் பற்றி எழுதச் சொன்னால் எனக்கு எழுத இது ஒன்றுதான் இருக்கிறது.

நான் கணித ஆசிரியன். மன்னார்த் தீவிலே பிறந்து, தீவிலேயே படிப்பித்து, அங்கேயே ஓய்வு பெற்றவன். பரீட்சை வேலைக்கு முதலில் நோக்குநராகப் போனேன். பிள்ளைகளின் மேசைகளுக்கிடையே நடந்து காவல் பார்க்கிற வேலை அது. பிறகு உதவி மேற்பார்வையாளர், அதற்குப் பிறகு ஒரு மண்டபத்துக்கே பொறுப்பான மேற்பார்வையாளர். இந்தப் படிகளில் ஏறப் பதினாறு வருஷம் போயிற்று. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது மரியதாஸ் சேரைப் பற்றி. எங்கள் பகுதி மண்டபங்கள் எல்லாவற்றுக்கும் மேலே இருந்த இணைப்பாளர் அவர். கட்டையான மனிதர். வெள்ளைச் சேர்ட்டின் மேல்பொத்தானை எந்த வெயிலிலும் கழற்ற மாட்டார். யாரையும் ஏச மாட்டார். ஏசியிருந்தால் எங்களுக்குச் சுகமாக இருந்திருக்கும். பிழை செய்தவனைக் கூப்பிட்டு, விதிப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை எடுத்துக் கொடுத்து, "இதை ஒருக்கா வாசியுங்கோ" என்பார். சத்தமாக வாசிக்க வேண்டும். வாசித்து முடிந்ததும், "விளங்கிச்சோ? சரி, போங்கோ" என்பார். அவ்வளவுதான். அந்தக் கந்தோரை விட்டு வெளியே வரும்போது கால் கூசும்.

பரீட்சைக் காலையில் அவர் சொல்லித்தந்தபடி செய்வோம். வானொலியில் செய்திக்கு முன் வருகிற மணியோசைக்குக் கைமணிக்கூட்டைச் சரி பார்க்க வேண்டும். மண்டபத்துச் சுவர் மணிக்கூட்டைக் கைமணிக்கூட்டுக்குச் சரியாக வைக்க வேண்டும். வினாத்தாள் பொதி வந்ததும் முத்திரை உடையவில்லை என்பதை இரண்டு பரீட்சார்த்திகளுக்குக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கத்தரிக்கோல். பரீட்சை தொடங்கி அரை மணித்தியாலம் வரைக்கும் பிந்தி வருகிற பிள்ளையை உள்ளே எடுக்கலாம். அரை மணித்தியாலம் தாண்டினால் எடுக்கக் கூடாது. அந்தப் பிள்ளையின் சுட்டெண்ணுக்கு எதிரே சிவப்புப் பேனையால் 'வரவில்லை' என்று எழுத வேண்டும். வந்து வாசலில் நின்றாலும் வரவில்லைதான்.

இனி நேரத்தின் கதைக்கு வருகிறேன். இந்த நாட்டில் மணிக்கூட்டைப் பிடித்து இழுப்பது புதிதல்ல. மகாயுத்த காலத்தில் வெள்ளைக்காரன் முன்னுக்குத் தள்ளி வைத்து, யுத்தம் முடியப் பின்னுக்கு எடுத்தான் என்று அப்பா சொல்லுவார். பிறகு தொண்ணூற்றாறில் மழை பொய்த்தது. மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் வற்றி மின்சாரம் தட்டுப்பட்டது. பின்னேர வெளிச்சத்தைப் பிடித்து வைத்தால் விளக்கு எரிப்பது குறையும் என்று கணக்குப் போட்டு, நாடு முழுவதும் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். பிள்ளைகள் இருட்டோடு எழும்பிப் பள்ளிக்கூடம் போவதைப் பார்த்துத் தாய்மார் ஏசினார்கள். சில மாதத்தில் அரை மணித்தியாலத்தைத் திருப்பித் தந்தார்கள். மிச்ச அரை மணித்தியாலம் பத்து வருஷத்துக்கு எங்கள் தலையில் கிடந்தது.

தீவுக்கு அப்பால் பெருநிலத்தில், இலுப்பைக்கடவை போல, அரசோடு சண்டை பிடித்த இயக்கத்தின் கையிலிருந்த இடங்களில் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. தீவில் எட்டரை என்றால் இலுப்பைக்கடவையில் எட்டு. தீவில் இருப்பது புது நேரம், அங்கே இருப்பது பழைய நேரம். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிற விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பக்கத்தில் கரண்டே கிடையாது. மண்ணெண்ணெய் விளக்கில் படித்த பிள்ளைகள் அவர்கள். கரண்டை மிச்சம் பிடிக்கத் தள்ளிவைத்த மணிக்கூட்டால் கெட்டுப்போனது ஒரு நாளும் கரண்டைக் காணாத சனம்.

முதலில் சிரித்தோம். தீவிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் இலுப்பைக்கடவைப் பக்கம் கலியாணத்துக்குப் போய், பூட்டின கோயில் வாசலில் வெயிலுக்குள் நின்றார்கள். கலியாண அழைப்பிதழில் பத்து மணி என்று போட்டிருந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு ஆறுதலாக வந்த பங்குச் சுவாமி, "பத்து மணி எண்டா எங்கட பத்து மணி. பூசை ஒப்புக் கொடுக்கப் போறது நானெல்லோ" என்றாராம். இதைச் சொல்லி ஒரு வருஷம் சிரித்திருப்போம்.

பரீட்சைக்கு மட்டும் ஒரே நேரம். வினாத்தாள் நாடு முழுவதும் ஒரே நிமிஷத்தில் பிரிக்கப்பட வேண்டும். ஆகவே அந்தப் பக்கத்து மண்டபங்களும் புது நேரத்தில்தான் நடக்கும். பிள்ளையின் அனுமதி அட்டையில் எட்டரை என்று இருந்தால், அந்தப் பிள்ளை தன் வீட்டு மணிக்கூட்டில் எட்டு மணிக்கு வந்திருக்க வேண்டும். அட்டையில் இதெல்லாம் எழுதியிருக்காது.

அந்தப் பக்கத்து மண்டபங்களுக்குப் போகிறவர்களை மரியதாஸ் சேர் ஒவ்வொரு வருஷமும் கூப்பிட்டு ஒன்றைச் சொல்லுவார்.

"பலகையில நேரசூசியை எழுதேக்க அட்டையில உள்ள நேரத்தை அப்பிடியே எழுதுங்கோ. பழைய நேரத்துக்கு மாத்தி எழுதாதேங்கோ. அரை மணியைக் கழிக்கிறதைப் பிள்ளையள் பாத்துக்கொள்ளும். அதுகளுக்குப் பழக்கம். உங்களுக்குத்தான் பழக்கமில்லை."

"சின்னப் பிள்ளையள் சேர், குழம்பிப் போகுங்கள். நாங்களே மாத்தி எழுதிவிட்டா லேசெல்லோ?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒருத்தரும் கழிக்காட்டியும் பிழை, ரெண்டு பேரும் கழிச்சாலும் பிழை. கழிக்கிறது ஒருத்தராய் இருக்கட்டும். அது நீங்கள் இல்லை."

எனக்கு அது இரக்கமில்லாத பேச்சாகப் பட்டது. கணித வாத்தியாருக்கு அரை மணியைக் கழிக்கத் தெரியாதா என்ற கொழுப்பும் இருந்தது. அந்த வருஷமே நான் அனுப்பப்பட்ட மண்டபத்தில், பலகையின் மேலே 'பழைய நேரம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, எல்லாப் பாடத்துக்கும் அரை மணி கழித்துப் போட்டேன். பிள்ளைகள் சந்தோஷப்பட்டார்கள். பெற்றோர் வந்து நன்றி சொன்னார்கள். அடுத்த வருஷமும் அப்படியே செய்தேன். மரியதாஸ் சேருக்குத் தெரியாது.

இரண்டாயிரத்து ஆறு சித்திரையில் நாட்டின் நேரத்தைப் பழையபடி ஆக்கினார்கள். நான் சொல்லப்போவது அதற்கு நாலு மாதம் முந்தின மார்கழியில் நடந்தது. பதினோராம் வகுப்பு முடிவில் எழுதுகிற சாதாரணதரப் பரீட்சை. இலுப்பைக்கடவைக்கு உள்ளே ஒரு பள்ளிக்கூடத்தில் மண்டபம். இரண்டு பக்கத்துக்கும் இடையிலான பாதை திறந்து பூட்டித் திறந்து கொண்டிருந்த காலம். ஆகவே பரீட்சை முடியும்வரை பள்ளிக்கூடத்திலேயே தங்கினேன். போன அன்றைக்குப் பின்னேரம் விறாந்தையிலிருந்த கரும்பலகையில் நேரசூசியை எழுதினேன். முழுவதையும் மாற்றி எழுதினேன் என்றுதான் நினைத்தேன்.

செல்வராணி என்று ஒரு பிள்ளை. பதினேழு வயது. மலைநாட்டிலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து அங்கே குடியேறின குடும்பம். தகப்பன் முத்தையா, கூலி வேலை. அவள் முந்தின வருஷம் மற்ற எல்லாப் பாடமும் சித்தியடைந்து கணிதத்தில் மட்டும் தவறிப்போனவள். அந்த முறை கணிதம் மட்டும் எழுத வந்தாள். முதலாம் வினாப் பத்திரத்துக்கு நேரத்தோடு வந்துவிட்டாள். தகப்பன் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டு, மண்டபம் விடும்வரை வாசலிலேயே குந்தியிருந்தார்.

பத்திரம் கொடுக்க முன்பு அவளிடம் கேட்டேன், "ரெண்டாம் தரமோ பிள்ளை?"

"ஓம் சேர். இந்த முறை பாஸ் பண்ணினா மன்னாரில சிஸ்டர்மாற்ற விடுதியில இடம் தாறதெண்டு சுவாமி கேட்டு வச்சிருக்கிறார். அங்க நிண்டு மேல ஏயெல் படிக்கலாம்."

அதன் அருத்தம் அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சண்டை திரும்பி வரப்போகிறது என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த மாதம் அது. விடுதியில் இடம் என்றால் அவள் சண்டைக்குத் தப்பித் தீவுப் பக்கம் வந்துவிடுவாள். மேசைகளுக்கிடையே நடக்கும்போது அவளுடைய விடைத்தாளைப் பார்த்தேன். பார்க்கக் கூடாதுதான். கேத்திரகணிதத்தை அழகாகச் செய்துகொண்டிருந்தாள். இவள் சித்தியடைவாள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். வீட்டுக்குப் போக முன்பு அவள் விறாந்தையில் நின்று, பலகையைப் பார்த்து அட்டையின் பின்பக்கத்தில் ஏதோ எழுதினதையும் கண்டேன்.

இரண்டாம் பத்திரம் மறுநாள் பின்னேரம். அட்டைப்படி ஒரு மணி. பழைய நேரத்தில் பன்னிரண்டரை. காலையில் எல்லாருக்கும் பொதுவான ஒரு பாடம் இருந்தது. ஆகவே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் மத்தியானச் சோற்றுப் பார்சலோடு அங்கேயே நின்றார்கள். மணி அடித்ததும் உள்ளே வந்து இருந்தார்கள். ஒரு மேசை மட்டும் வெறுமையாக இருந்தது.

ஒன்று முப்பத்திரண்டுக்கு அவள் வாசலுக்கு வந்தாள். அவசரமோ வேர்வையோ இல்லை. தலையை வாரி இழுத்துப் பின்னி, நேரத்தோடு வந்த பிள்ளையின் முகத்தோடு வந்தாள். உள்ளே எல்லாரும் எழுதிக்கொண்டிருப்பதைக் கண்டதும் அந்த முகம் போய்விட்டது.

"சேர்... தொடங்கீற்றுதோ?"

"அரை மணித்தியாலம் தாண்டிப்போச்சுது பிள்ளை. இனி எடுக்கேலாது."

"ஒரு மணிக்கெண்டுதானே சேர் போட்டிருக்கு. எங்கட வீட்டு மணிக்கூட்டில இப்பதான் ஒண்டாகப் போகுது. பழைய நேரம் எண்டு பலகையில..." அட்டையைத் திருப்பிக் காட்டினாள். குண்டு குண்டான எழுத்தில் 'கணிதம் 2, ஒரு மணி, பழைய நேரம்' என்று எழுதியிருந்தாள்.

"பிழையாய்ப் பாத்து எழுதியிருக்கிறாய்" என்றேன். உண்மையில் அப்படித்தான் நினைத்தேன். நோக்குநரிடம் மண்டபத்தைக் கொடுத்துவிட்டு, அவளை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு, விறாந்தையைச் சுற்றிப் போய்ப் பலகையைப் பார்த்தேன்.

பத்து வரிகள் எழுதியிருந்தேன். ஒன்பது வரியில் அரை மணி கழித்திருந்தேன். பத்தாவது வரியில், என் கையெழுத்தில், ஒரு மணி.

இதை எத்தனையோ தரம் யோசித்துவிட்டேன். அப்போது நேரம் ஒன்று முப்பத்தைந்து இருக்கும். விதிப் புத்தகத்தில் விசேட அறிக்கை என்று ஒன்று உண்டு. மண்டபத்தின் தவறால் பிள்ளை பிந்தியது என்று எழுதிக் கையெழுத்து வைத்து அவளை உள்ளே விட்டிருக்கலாம். எடுப்பதும் விடுவதும் மேலே உள்ளவர்கள் பாடு. அவள் எழுதியிருப்பாள். ஆனால் அந்த அறிக்கை மரியதாஸ் சேரின் மேசைக்குப் போகும். மாற்றி எழுதாதே என்று சொன்ன பிறகும் மாற்றி எழுதினேன் என்பது வெளியே வரும். விசாரணை வரும். அதற்குப் பிறகு எனக்கு மண்டபம் தர மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, அவர் புத்தகத்தை எடுத்துத் தந்து "இதை ஒருக்கா வாசியுங்கோ" என்று சொல்லுவார். ஐம்பது வயதில் நான் பயந்தது அதற்குத்தான். உயிருக்கோ வேலைக்கோ பயந்தேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. அது பொய்.

ஒருவரும் இல்லை. விரலை நாக்கில் தொட்டு அந்த ஒன்றை அழித்தேன். சோக்கட்டியை எடுத்துப் பன்னிரண்டு முப்பது என்று எழுதினேன். புது எழுத்து மற்ற எழுத்துகளைவிட வெள்ளையாகத் தெரிந்தது. உள்ளங்கையால் ஒரு தரம் ஒற்றி அதையும் மங்கலாக்கினேன். அந்த அறிவு அந்த நேரத்தில் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். அதைச் செய்யத் தேவையே இருக்கவில்லை. போ என்றால் போயிருப்பாள்.

"பார் பிள்ளை. என்ன போட்டிருக்கு?"

பலகையைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். திரும்பவும் பலகையைப் பார்த்தாள். அழவில்லை.

"நான்தான் பிழையாய் எழுதிப்போட்டன் சேர்" என்றாள். "வரியை மாறிப் பாத்திட்டன் போல. உங்களைச் சும்மா கரைச்சல்படுத்திப்போட்டன்."

வாசலில் தகப்பன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் போய், "பிள்ளை நேரத்தைப் பிழையாய் எழுதிப்போட்டா. அடுத்த வருஷம் பாப்பம்" என்று சொன்னேன். தோளிலும் தட்டினேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். மண்டபத்துக்குத் திரும்பி வந்து சுட்டெண்ணைத் தேடிச் சிவப்புப் பேனையால் 'வரவில்லை' என்று எழுதினேன்.

அந்தச் சித்திரையில் நேரம் ஒன்றானது. வானொலியில் கேட்டு மணிக்கூட்டை அரை மணி பின்னுக்கு எடுத்தேன். மரியதாஸ் சேர் ஓய்வு பெற்றார். பிரியாவிடையில் என்னைக் காட்டி, "ஒரு நாளும் என்னைப் புத்தகம் எடுக்க வைக்காத ஆள்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் எழும்பி நின்று தலையைக் குனிந்தேன்.

அடுத்த வருஷம் என்று நான் சொன்ன பரீட்சைக்கு அவளால் வர முடியவில்லை. பாதை பூட்டுப்பட்டது. சண்டை வந்தது. வீட்டுக்கு ஒருவர் சண்டைக்கு வர வேண்டும் என்று இயக்கம் கேட்ட காலத்தில் அவளைக் கொண்டுபோனார்கள் என்று கேள்விப்பட்டேன். இலுப்பைக்கடவைச் சனம் அடுப்பையும் ஆட்டையும் விட்டுவிட்டுக் கிழக்கே கிழக்கே போய், கடைசியில் போக இடமில்லாமல் நின்றதும், மிஞ்சினவர்கள் திரும்பி வந்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதை. அவள் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகும் பத்து வருஷம் மண்டபம் நடத்தினேன். நல்ல பெயரோடு ஓய்வு பெற்றேன்.

கந்தோர்த் தம்பி தொலைபேசி எடுத்துப் பத்து நாள் போயிருக்கும். ஒரு காலையில் படலையில் யாரோ நின்றார். வெயிலில் கறுத்து வற்றிய ஒரு கிழவர். பெயரைச் சொல்லும்வரை எனக்குத் தெரியவில்லை. முத்தையா. இப்போது பாப்பாமோட்டையில் வயல் வேலை செய்கிறாராம். கதிரையில் இருக்கச் சொன்னேன். நுனியில் இருந்தார். ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். காணாமல் போனவர்களைப் பற்றியது.

"புள்ளயத் தெரிஞ்ச சார் ஒருத்தர் கையெழுத்து வேணுமாங்க. பள்ளிக்கூடத்துச் சார்மாரு யாரும் இப்ப அங்க இல்ல. ஒங்க ஞாபகந்தான் வந்துச்சு. அன்னிக்கு எங்கிட்ட தன்மையாப் பேசுனீங்க."

பேனையை எடுத்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்குப் போற வழியில சைக்கிள நிறுத்திப்புட்டு அவள அடிச்சேன் சார். ரோட்டுலயே வச்சு. அதுவரைக்கும் அவ மேல கை வச்சதில்லீங்க. 'என் தப்புதாம்ப்பா'ன்னு மட்டும் சொன்னா அவ. இப்பவும் அது கண்ணுல நிக்குது, தூக்கம் வராது. அப்பறம் எனக்கு நானே சொல்லிக்குவேன். தப்புப் பண்ணுன புள்ளயப் பெத்தவன் கண்டிக்கிறது ஒலகத்துல உள்ளதுதானன்னு. அதச் சொல்லிக்கிட்டாத்தான் கொஞ்சம் கண்ண மூட முடியுது."

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு கையெழுத்தைப் போட்டிருக்க வேண்டும். இருபது வருஷம் மூடியிருந்த வாய் அன்றைக்குத் திறந்தது. அவருக்கு உண்மை தெரிய வேண்டும் என்பதற்காகச் சொன்னேன் என்று நினைத்தேன். என்னால் தாங்க முடியாமல்தான் சொன்னேன்.

"முத்தையா, செல்வராணி பிழையாய் எழுதேல்லை. நான்தான் பலகையில பிழையாய் எழுதினனான். பிறகு அழிச்சுத் திருத்திப்போட்டு அவவுக்குக் காட்டினனான். உங்கட பிள்ளை எழுதினது சரி."

ஏசுவார், அடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. தன் வலது கையை மடியில் விரித்து வைத்து அதையே பார்த்தார்.

"அப்ப சும்மாவா சார் அடிச்சேன்?" என்று அந்தக் கையைப் பார்த்தபடி கேட்டார். "எம்புள்ளயச் சும்மாவா அடிச்சேன்?"